நீலத் தார்ப்பாயைக் கண்டால் நாலுகால் பாய்ச்சல்: இரண்டரை வயதுக் குட்டியின் மிரட்சிக்கு என்ன வழி?

தோப்புக்காரன் | ஏப்ரல் 24, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு மேற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் ஒரு செவலைப் பெண்குட்டி வாங்கி வந்தேன். காத்தியவாரிக் கலப்பு என்று சொல்லி விற்றார்கள். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் போகிற மாதிரி இருப்பதால் நானும் நம்பிவிட்டேன். நடுப்பல் இரண்டும் விழுந்து இப்போதுதான் முளைக்கிறது, அதனால் இரண்டரை வயது இருக்கும். பெயர் பவளம்.

எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. தினமும் விடியலில் கரையோரம் நடத்திக்கொண்டு போவேன், சாதுவாக வருவாள். இந்த மாதம் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் இப்போது மலை மாதிரி வலை, நீலத் தார்ப்பாய், தெர்மாகோல் பெட்டி, டீசல் டிரம், நாலு பேர் உட்கார்ந்து வலையில் கிழிசல் அடைக்கிறார்கள். போன வாரம் ஒரு தார்ப்பாயின் மூலை காற்றில் எழும்பிச் சடசடவென்று அடித்தது. பவளம் நின்ற இடத்திலேயே சுழன்றாள். நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. நான் குப்புற விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. அரை மணி நேரம் தேடிச் சீமைக்கருவேலப் புதருக்குள் கண்டுபிடித்தோம், நெஞ்சில் முள் கீறல்.

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் மிரட்சி. வாளி, குடை, சிமெண்ட் சாக்கு, கொடியில் காயும் வேட்டி. வேடிக்கை என்னவென்றால், உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனால் காதைக்கூடத் திருப்புவதில்லை! தோப்பில் வேலை பார்க்கும் அண்ணன் சாட்டையால் இரண்டு வைத்தால் சரியாகும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சுழிப்பார்வை | ஏப்ரல் 24, இரவு 10:02

நெற்றியில் எத்தனை சுழி? கழுத்தில் இறங்குசுழி இருக்கிறதா? போட்டோ போடுங்கள். சுழி சுத்தம் இல்லாத குதிரை இப்படித்தான்.

---

உப்பளத்துக்காரி | ஏப்ரல் 24, இரவு 10:15

ஏப்ரல் 14 வரைக்கும் அந்தச் சுழி எங்கே போயிருந்ததாம்?

---

பழைய ஜட்கா | ஏப்ரல் 25, காலை 6:10

தம்பி, எங்க அப்பா ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். நான் பிறந்ததே லாயத்துக்குப் பக்கத்தில். இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டு. கோணிச்சாக்கை எடுத்து முதுகு, வயிறு, கழுத்து என்று தட்டிக்கொண்டே இரு. துள்ளும், துள்ளட்டும். ஒரு மணி நேரத்தில் மரம் மாதிரி நிற்கும். ஒரே நாள் வேலை. நீ கொஞ்சிக்கொண்டே இருந்தால் அது உன்னை ஏறி மிதிக்கும். குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

---

மாட்டாஸ்பத்திரி | ஏப்ரல் 25, காலை 8:30

கால்நடை மருத்துவன் என்ற முறையில் முதலில் சிலவற்றைக் கேட்டுவிடுகிறேன். மிரள்வது இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, ஒரு பக்கம் மட்டும் அதிகமா? ஒரு கண்ணில் நீர் வடிதல், பூ விழுந்த மாதிரி மங்கல், வெயிலில் கண்ணைச் சுருக்குவது உண்டா? கண்ணில் உள்அழற்சி வந்த குதிரை அந்தப் பக்கத்துப் பொருளுக்குத்தான் மிரளும். அதைப் பழக்கித் தீர்க்க முடியாது, மருந்துதான் வேண்டும். பல் முளைக்கிற வயது, வாய் வலி இருந்தாலும் தலையை உதறும். முள் கீறல் என்கிறீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? குதிரைக்கு டெட்டனஸ் மாட்டைவிடச் சுலபமாக வரும். இன்றைக்கே பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். குளம்பில் முள் ஒடிந்து நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நீல நிறம். குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். நம் கரையில் கிடக்கிற தார்ப்பாய், டிரம், நைலான் வலை எல்லாம் அதன் கண்ணுக்குப் பளிச்சென்று படுகிற நிறம். கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குருடு. பக்கவாட்டில் ஏதோ அசைந்தால் என்ன ஏது என்று யோசிக்காது, முதலில் ஓடும், தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்க்கும். ஓடித் தப்பிப் பிழைத்த சாதி அது. இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகப் போகும்.

---

கீழக்கரை காக்கா | ஏப்ரல் 25, மாலை 5:20

ஜட்கா ஐயா கோபப்படக் கூடாது. அடங்குவது வேறு, பழகுவது வேறு. காலைக் கட்டித் தட்டினால் ஓட வழியில்லாமல் அது நிற்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். கட்டு அவிழ்ந்த அன்றைக்கு வெளியே வரும். சாட்டையும் அப்படித்தான். தார்ப்பாயைப் பார்த்தபோது அடி விழுந்தது என்றால், அந்தத் தார்ப்பாய்தான் அடித்தது என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

நான் இரண்டு குதிரை வைத்திருக்கிறேன். பெரியது வரும்போது குப்பைப் பையைப் பார்த்தாலே பின்வாங்கும். என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

காற்று கிளம்புமுன் விடியலில், நாலு பக்கமும் அடைப்பு உள்ள மணல் இடம். நைலான் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்திக் கயிறு, இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி நீளம் இருக்கட்டும். கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. நேர் முன்னால் நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

தார்ப்பாயைத் துண்டு அளவுக்கு மடித்துத் தரையில் வைத்துவிட்டு இருபது அடி தள்ளிக் குட்டியோடு நில்லுங்கள். ஓரோர் அடியாகப் போகும்போது ஓரிடத்தில் தலை உயரும், காது இரண்டும் கம்பி மாதிரி முன்னால் நிற்கும், உதடு இறுகும், மூச்சு ஒரு நொடி நிற்கும். அதுதான் அன்றைக்கு அவளுடைய எல்லைக்கோடு. அதைத் தாண்டக் கூடாது. ஒரு அடி பின்னால் வந்து சும்மா நில்லுங்கள், பேச்சுக்கூட வேண்டாம். தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, மூக்கால் புர்ரென்று ஊதுவாள். ஊதின அந்த நொடியே திரும்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். விலகிப் போவதுதான் அவளுக்குப் பரிசு. ஒரு பிடி கொள்ளு அதற்கு மேலே.

பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்த வேண்டும், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்பதில்தான் எல்லாரும் கெடுக்கிறோம். இடது கண்ணுக்குக் காட்டியதை வலது கண்ணுக்கும் முதலிலிருந்து காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். கிட்டே கொண்டு போனால் அன்றைக்குப் பெரிதாக விரிக்காதீர்கள், விரித்தால் அன்றைக்கு அசைக்காதீர்கள்.

---

பழைய ஜட்கா | ஏப்ரல் 25, இரவு 7:45

கோபமெல்லாம் இல்லை காக்கா. ஆனால் இருபது அடியில் ஆரம்பித்து எப்போது கரைக்குப் போய்ச் சேர்வது? தீபாவளிக்கா? எங்க அப்பா கண்பட்டை போட்டார், குதிரை நேரே பார்த்துக்கொண்டு ஓடியது. அதுவும் தப்பா?

---

கீழக்கரை காக்கா | ஏப்ரல் 25, இரவு 8:05

வண்டிக்குக் கண்பட்டை தப்பே இல்லை ஐயா, பின்னால் சக்கரம் சுற்றுவது தெரியாமல் இருக்கும். ஆனால் மறைத்தால் பழகாது. பட்டையைக் கழற்றின அன்றைக்கு அந்தக் குதிரைக்கு எல்லாமே புதுசு.

---

மாட்டாஸ்பத்திரி | ஏப்ரல் 25, இரவு 9:15

காக்கா சொன்னதற்குக் கொஞ்சம் ஆதாரம். டென்மார்க்கில் இரண்டு வயது ஆண் குதிரைகளை மூன்று குழுவாக்கி ஒரு வெள்ளை நைலான் பைக்குப் பழக்கிப் பார்த்தார்கள், 2006இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குப் பையை ஒரேயடியாக முழுசாகக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குத் தீனியோடு சேர்த்துக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய குழுவில் எல்லாக் குதிரையும் தேறியது. மற்ற இரண்டிலும் சில கடைசிவரை தேறவில்லை. அதே ஆட்கள் பின்னால் செய்த இன்னொன்றில், ஏற்கனவே பழகின குதிரை பக்கத்தில் நின்றால் புதுசுக்கும் பயம் குறைவதைப் பார்த்தார்கள். தீபாவளி வரை ஆகாது ஐயா.

---

தோப்புக்காரன் | மே 6, இரவு 8:50

டாக்டர், ஊசி போட்டாயிற்று, கண் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். பின்னங்குளம்பில் ஒரு முள் எடுத்தார்கள், நீங்கள் சொல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன்.

முதல் நாள் எல்லைக்கோடு பதினெட்டு அடியில் இருந்தது. நாலாம் நாள் ஆறு அடி. ஆறாம் நாள் மூக்கை நீட்டித் தார்ப்பாயை மோந்தாள், மேலுதட்டால் ஒரு மூலையைத் தள்ளிப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தப்புப் பண்ணிவிட்டேன். ஏழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, காற்று கிளம்பின பிறகு, முழுத் தார்ப்பாயையும் விரித்தேன். நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தேன், ஒரு கல் நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான். மறுபடியும் பதினெட்டு அடி. இல்லை, இருபத்தைந்து.

இன்னொரு சந்தேகம். வாசலில் கிடக்கும் நீல டிரம்மைப் போகும்போது சட்டை செய்வதில்லை. திரும்பி வரும்போது அதே டிரம்முக்கு எகிறுகிறாள். ஏன்?

---

மாட்டாஸ்பத்திரி | மே 6, இரவு 9:30

போகும்போது இடது கண்ணால் வெயில் படும் பக்கத்தைப் பார்க்கிறாள். வரும்போது வலது கண்ணால் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்க்கிறாள். நமக்கு அது ஒரே டிரம், அவளுக்கு இரண்டு. டிரம்மைச் சுற்றி இரண்டு பக்கமும் நடத்துங்கள். அலெக்சாண்டரின் குதிரை தன் நிழலுக்கே மிரண்டது, அவர் அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பிவிட்டார் என்ற கதை தெரியும்தானே? நிழலும் ஒரு பொருள்தான்.

---

உப்பளத்துக்காரி | மே 6, இரவு 10:05

வாலிநோக்கம் பக்கம் எங்கள் வீட்டில் மட்டக்குதிரை இருந்தது. உப்பளத்தில் பாத்திகள் வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும், அதற்கே அது நடுங்கும். அதை வைத்து ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? தார்ப்பாய் கண்ணில் பட்டதும் கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள்?

---

தோப்புக்காரன் | மே 7, காலை 7:15

இன்று காலை அதை மட்டும் கவனித்தேன். தார்ப்பாய் தெரிந்ததும் கை தானாகத் தாடைக்குக் கீழே போய்க் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மூச்சும் நின்றுவிடுகிறது, பவளத்துக்கு இல்லை, எனக்கு. மறுபடி விழுந்துவிடுவேனோ என்று அடிவயிற்றில் ஒன்று பிசைகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

---

உப்பளத்துக்காரி | மே 7, காலை 7:40

இதில் என்ன வெட்கம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே அரண்டவர்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு கயிறு. நீங்கள் இறுக்கினால் அவளுக்கு ‘என் ஆளே பயப்படுகிறார், அப்போ நிஜமாகவே ஆபத்துதான்’ என்று படும். கயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கட்டும். வாயை மூடாமல் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே நடங்கள், பேசும்போது மூச்சை அடக்க முடியாது. நான் வாய்ப்பாடு சொல்வேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு மனப்பாடமானது குதிரையால்தான்.

---

கீழக்கரை காக்கா | மே 7, மதியம் 2:10

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயை அவளை நோக்கிக் கொண்டு வராதீர்கள், விலக்கிக் கொண்டு போங்கள். ஒரு ஆள் கயிறு கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கட்டும், நீங்கள் முப்பது அடி பின்னால் பவளத்தோடு போங்கள். தன்னை விட்டு ஓடுகிற பொருளைக் கண்டால் குதிரைக்குப் பயம் போய் ‘என்னடா அது’ என்று ஆகிவிடும். இரண்டு நாளில் அவளே நடையை எட்டிப் போடுவாள்.

---

பழைய ஜட்கா | மே 8, காலை 6:00

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சும்மா விதண்டாவாதம் பண்ண வரவில்லை. தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் மடித்த தார்ப்பாயைப் போட்டுவை. முதல் நாள் பத்தடி தள்ளி, அப்புறம் தினமும் ஒரு சாண் கிட்டே. தீனி எடுக்க அது வந்துதான் ஆக வேண்டும், ஆனால் யாரும் இழுக்கவில்லை. தண்ணீரை மட்டும் தள்ளியே வை, பயத்தில் தண்ணீர் குடிக்காமல் விட்டால் வயிற்றுவலி வந்துவிடும். வேலை இல்லாத குட்டிக்குக் கொள்ளை அள்ளிப் போடாதே, தெம்பு தலைக்கு ஏறும். வைக்கோல், புல் அதிகமாகப் போடு.

எங்க அப்பாவிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. சாக்கடி போட்டுத்தான் அடக்கினார். ஒரு வருஷம் பூனை மாதிரி ஓடியது. ஒரு திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டதும் வண்டியோடு ஊருணிக்குள் இறங்கிவிட்டது. இரண்டு நாளாக அதுதான் ஞாபகம் வருகிறது.

---

ஓலைச்சுவடி | மே 8, காலை 9:25

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். நீங்கள் குட்டியைக் கூட்டிப் போகிற இதே பாண்டிய நாட்டுக் கரையில் 13ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. இந்தக் கரைக்கும் குஜராத்தின் காம்பே முதலிய துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப் எழுதுகிறார், கூட்டிச் சொல்லியிருக்கலாம். மார்க்கோ போலோவோ, இந்த ஊரில் குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் வாங்கியதில் பெரும்பகுதி செத்துப்போகிறது என்கிறார். பாலைவனத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அந்தக் குதிரைகள் எதைப் பார்த்தெல்லாம் மிரண்டிருக்கும்! சரி, அந்தியூரில் உங்களுக்கு யாரும் நரியைப் பரியாக்கித் தரவில்லையே? ராத்திரியில் ஊளையிட்டால் சொல்லுங்கள்.

---

தோப்புக்காரன் | மே 27, இரவு 9:10

ஊளையிடவில்லை ஓலைச்சுவடி அண்ணே, நன்றாகத் தூங்குகிறாள்.

மூன்று வாரக் கதையைச் சொல்கிறேன். இழுத்துக்கொண்டு போகிற வித்தை பிரமாதம். அண்ணன் தார்ப்பாயை இழுக்க, நானும் பவளமும் பின்னால். முதல் நாள் கழுத்தை நீட்டி, காலை மட்டும் பின்னாலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் அண்ணன் நின்றபோது எட்டிப் போய் முன்னங்காலால் தார்ப்பாயைச் சுரண்டினாள். சாட்டையைப் பற்றிப் பேசிய அதே அண்ணன்தான், ‘பாப்பா மிதிச்சிருச்சு’ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

காக்கா, உங்கள் ஒரு விதியை மட்டும் எங்கள் வெள்ளாடு மீறிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த தார்ப்பாயை அது பாட்டுக்கு இழுத்து விரித்து, நடுவில் படுத்து அசைபோட்டது. பவளம் பத்தடியில் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தாள். காது மாறி மாறித் திரும்பியது. அப்புறம் மெதுவாக வந்து ஆட்டின் முதுகை மோந்தாள், அடுத்து ஆடு கடித்த தார்ப்பாய் ஓரத்தை மோந்தாள், புர்ரென்று ஊதினாள். நான் வேப்பமரத்தடியில் அசையாமல் நின்றேன். டென்மார்க்காரர்கள் குதிரையை வைத்துச் செய்ததை எங்கள் வீட்டில் ஆடு செய்துவிட்டது.

கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டதால் ஓசைக்குத் தனியாகப் பழக்கினேன். பாலிதீன் பையை ஒரு கம்பில் கட்டித் தூரத்தில் லேசாக ஆட்டுவது, அவள் நின்று பார்த்தவுடன் ஆட்டுவதை நிறுத்துவது. நிறுத்துவதற்குத்தான் அவள் காத்திருக்கிறாள் என்பது இப்போது புரிகிறது. கயிறு தொங்குகிறது. வாய்ப்பாடு எனக்கு ஒத்துவரவில்லை, மீன் விலை சொல்லிக்கொண்டு நடக்கிறேன்.

நேற்று ஐயனார் கோயில் வழியாக வந்தோம். புரவி எடுப்பில் வைத்த பழைய மண்குதிரைகள் வரிசையாக நிற்கும், ஒன்று பத்தடி உயரம், பல்லைக் காட்டிக்கொண்டு. இன்றைக்கு நான் மறுபடி மண்ணைக் கவ்வப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் நின்றாள், நிமிர்ந்து பார்த்தாள், ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுபடியும் கனைத்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

---

சுழிப்பார்வை | மே 27, இரவு 9:55

போட்டோ இன்னும் போடவில்லை.

---

உப்பளத்துக்காரி | மே 27, இரவு 10:00

மண்குதிரையின் சுழியைப் பாருங்கள் அண்ணே, அது பேசாமல் நிற்கும்.

---

கீழக்கரை காக்கா | மே 28, காலை 6:45

மாஷா அல்லாஹ். இனிமேல் கரைக்குக் கூட்டிப் போகலாம், முதலில் ஆள் இல்லாத நேரம். வலைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், உதவி செய்கிறேன் என்று யாராவது தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். வலைக்கு ரொம்பக் கிட்டே வேண்டாம். அவள் பயப்படுவாள் என்பதற்காக அல்ல, குளம்பு கண்ணியில் சிக்கினால் ஒரு மாத வேலை ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

---

தோப்புக்காரன் | ஜூன் 16, காலை 8:20

சொன்ன மாதிரியே செய்தேன். ஜூன் முதல் வாரத்திலிருந்து தினமும் கரைக்குப் போய் வந்தோம். பத்தாம் தேதி வாக்கில், அன்றைக்கு என்னைத் தள்ளிவிட்ட அதே தார்ப்பாய்க்கு நாலடி தள்ளி நடந்தாள், காற்றில் அது சடசடத்துக்கொண்டிருந்தபோதே. காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள். வலை அடைக்கும் பெரியவர் ஒருவர் அவளுக்குத் தினமும் வெல்லம் எடுத்து வைக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

14ஆம் தேதி நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. நேற்று படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. இன்று காலை போனால் கரையில் ஒன்றுமே இல்லை. வலை இல்லை, டிரம் இல்லை, பெரியவர் இல்லை, வெறும் மணல். தார்ப்பாய் கிடந்த இடத்துக்கு வந்ததும் பவளம் சடக்கென்று நின்றாள். தலை உயர்ந்தது, காது கம்பி மாதிரி, மூச்சு நின்றது. அங்கிருந்து ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். இல்லாத தார்ப்பாய்க்கு எப்படிப் பழக்குவது? யாராவது சொல்லுங்கள்.

---

பழைய ஜட்கா | ஜூன் 16, காலை 8:45

வீட்டிலிருந்து ஒரு தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய் அங்கே போடு தம்பி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துச் சின்னதாக்கு.

---

தோப்புக்காரன் | ஜூன் 16, காலை 8:52

சரி ஐயா. நாளைக்கு ஆட்டையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.